கேமராவைத் திறந்தால் தெரியும்

2023 டிசம்பர் 20ஆம் தேதி காலையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் டவுனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ரோடெல்லாம் சேறு. எதிரே வந்தவர்கள் நான் யாருக்கோ சாப்பாடு கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த வாரம் ஜங்ஷன் பக்கம் வாளியும் பொட்டலமுமாக அப்படி நிறையப் பேர் நடந்தார்கள். என் வாளிக்குள் டிஸ்டில்ட் வாட்டர் நிறைந்திருந்தது. அதற்குள் முங்கிக் கிடந்தது என் ஃபிலிம் கேமரா, நிக்கான் எஃப்எம்2.

17, 18 ஆகிய இரண்டு நாள் மழையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் ஏறி எங்கள் வீட்டில் இடுப்பளவுக்கு நின்றது. எதை மாடிக்கு ஏற்றுவது என்று யோசிக்கக் கிடைத்தது அரை மணி நேரம். அம்மாவை ஏற்றினோம். பத்திரம், ரேஷன் கார்டு இருந்த பையை ஏற்றினோம். டிஜிட்டல் கேமராக்கள் பிழைப்புக்கு வேண்டியவை, அவையும் ஏறின. பீரோவின் அடித்தட்டில் இருந்த பழைய தோல்பை அந்த நேரத்தில் என் நினைப்பில் வரவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தண்ணீர் வடிந்ததும் பீரோக் கதவை நெம்பித் திறந்தேன். பைக்குள் வண்டல், வண்டலுக்குள் கேமரா. துடைத்து மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு, கேமரா ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நல்லவேளையாக லைன் கிடைத்தது.

"வெயில்ல வச்சீராக்கும்? ஒடனே எடும்வே. காய விட்ராதேயும். சேறு பல்சக்கரத்துக்குள்ள காஞ்சா சிமெண்டு மாதிரி பிடிச்சிரும். இன்வெட்டருக்கு ஊத்துத தண்ணி கெடக்கா? அதுல முக்கியே கொண்டாரும். லீவர இழுக்காதேயும், பட்டனத் தொடாதேயும்."

அப்படித்தான் தூக்குவாளி வந்தது.

அண்ணாச்சிக்கு எழுபதுக்கு மேல். டவுனில் ரத வீதி மாடி ஒன்றில் பத்துக்குப் பத்து அறை. கைக்கடிகாரத்தில் ஆரம்பித்து கேமராவுக்கு வந்தவர். மேசையில் மருந்து பாட்டில் மூடிகள் வரிசையாக இருக்கும். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியும் கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு மூடிக்குள் போகும். நான் முப்பது வருடமாகக் கேமராவைக் கையில் வைத்திருக்கிறேன். ஆனால் நல்ல கேமரா என்றால் என்ன என்பதை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

எஃப்எம்2 என்னிடம் வந்தது 1995இல். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மேலப்பாளையத்தில் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து பீரோவிலேயே வைத்திருந்த கேமரா அது. தங்கச்சி கல்யாணச் செலவுக்கு விற்கிறார் என்று தெரிந்து ஓடினேன். அக்கா தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடையிலிருந்து அந்த வளையலை மீட்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது.

அதன்பிறகு பத்து வருடம் அது சும்மா இருந்ததே இல்லை. வருடத்துக்கு ஐம்பது கல்யாணம், கல்யாணத்துக்கு எட்டு ரோல், ரோலுக்கு 36 படம். பெருக்கினால் வருடத்துக்கு 14,400. பத்து வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போன கேமரா. மண்டபத்துப் புகையிலும் ஹோமப் புகையிலும் நின்ற கேமரா. இடையில் இரண்டு முறை அண்ணாச்சியிடம் சர்வீஸுக்குப் போனது, அவ்வளவுதான்.

அந்த மாடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982இல் வந்தது. ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் கதவை 1/4000 நொடிக்கு மட்டும் திறந்து மூடுகிற வேகத்தை 35 எம்எம் எஸ்எல்ஆர் கேமராவில் முதலில் தந்தது இதுதான். அந்த வேகத்துக்கு ஷட்டர் இலைகள் கனமில்லாமலும் மடங்காமலும் இருக்க வேண்டும். அதற்காக டைட்டானியத் தகட்டில் தேன்கூடு மாதிரி அறுகோணங்களைச் செதுக்கினார்கள். பின்கதவைத் திறந்தால் அந்தத் தேன்கூட்டைப் பார்க்கலாம். 1984இல் பிளாஷோடு சேர்ந்து ஓடும் வேகத்தை 1/200இலிருந்து 1/250க்கு ஏற்றினார்கள். ஆவணி மாதம் காலை முகூர்த்தம், மணமக்களுக்குப் பின்னால் வெயில், முகம் இருட்டு. அங்கே பிளாஷை நிரப்பி அடிக்க அந்த 1/250 என்ன கொடுத்தது என்பது கல்யாணப் போட்டோ எடுத்தவர்களுக்குத் தெரியும். 1989 வாக்கில் டைட்டானியத்தை விட்டு அலுமினிய இலைக்கு மாறிவிட்டார்கள். அதுவும் நன்றாகவே உழைத்தது. என்னிடம் இருப்பது அதற்கு முந்தையது.

பாட்டரி செத்தாலும் ஒரு நொடியிலிருந்து 1/4000 வரை எல்லா வேகமும் ஓடும். உள்ளே இருக்கும் இரண்டு பட்டன் செல்லும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கும் அதன் சிவப்பு விளக்குக்கும் மட்டும்தான். நடுராத்திரி ரிசப்ஷனில் செல் தீர்ந்து கடை தேடிய கதை என் வாழ்க்கையில் கிடையாது.

அந்தக் காலத்தில் நாங்கள் கேமராவின் தரத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்லுவோம். கனமாக இருந்தால் நல்ல கேமரா. இரும்பு மாதிரி இருக்கிறது என்றால் பெரிய பாராட்டு. அந்த அளவுகோல் தப்பு என்று எனக்குப் புரிய இன்னொரு கேமரா வேண்டியிருந்தது.

2017இல் ஒரு ஜப்பான் காம்பாக்ட் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. டைட்டானிய ஓடு, அருமையான லென்ஸ், சட்டைப்பையில் அடங்கும் அளவு. புதிதாக விற்ற காலத்திலேயே விலை கூடுதல், பழையதாக நான் வாங்கும்போது அதைவிடக் கூடுதல். கையில் வைத்திருந்தால் நகை வைத்திருப்பது மாதிரி இருக்கும். 2019இல் குற்றாலச் சீசனில் ஒருநாள் சாயங்காலம் பட்டனை அழுத்தினேன். லென்ஸ் பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. கீழே விழவில்லை, நனையவில்லை. அண்ணாச்சி திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் கூடவே மடங்கி நிமிர்கிற ஒரு ரிப்பன் வயர், பீடி இலை மாதிரி மெல்லிசாக. மடங்குகிற இடத்தில் செப்புக்கோடு அறுந்திருந்தது.

"இத மாத்த முடியாதா அண்ணாச்சி?"

"மாத்தலாம்வே, வயர் கெடச்சா. செஞ்சவனே இப்ப பார்ட்டு தாரதில்ல. இன்னொரு செத்த கேமராவுலேருந்து எடுக்கணும். அதுலயும் இந்த எடம்தான் மொதல்ல போயிருக்கும்."

டைட்டானிய ஓட்டைத் திருப்பி மாட்டித் தந்துவிட்டார். காசு வாங்கவில்லை. அந்த டைட்டானியம் இன்றைக்கும் புதிது மாதிரி மின்னுகிறது. தாங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பார்க்கிற இடத்தில் போய் உலோகத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது.

எலக்ட்ரானிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. நிக்கான் எஃப்3 1980இல் வந்தது. அதன் ஷட்டரை ஓட்டுவது மின்சுற்றுதான். அதைப் பத்திரிகைக்காரர்கள் உலகம் முழுக்கச் சுமந்தார்கள், இருபது வருடத்துக்கு மேல் செய்து விற்றார்கள். அதிலும் செல் போய்விட்டால் ஒரே ஒரு வேகத்திலாவது படம் எடுக்க முன்பக்கம் தனியாக ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் இது கைவிடும், அன்றைக்கு இவன் என்ன செய்வான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த யோசனைதான் பெரிதாகப் படுகிறது.

ஹாசல்பிளாட் 500 வரிசைக் கேமராக்களும் அப்படித்தான். 1957இல் தொடங்கிய குடும்பம். பாடியும் லென்ஸும் இரண்டுமே அடுத்த படத்துக்குச் சுருள்வில் முறுக்கேறிய நிலையில் இருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். ஒன்று ஏறி மற்றது இறங்கியிருந்தால் பூட்டிக்கொள்ளும். அதை விலைக்கேற்ற கேமராவா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பின்பக்க ஃபிலிம் பெட்டியைக் கழற்றி, நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, லென்ஸின் அச்சில் வெட்டியிருக்கும் காடியில் வைத்து வலப்பக்கமாகத் திருப்பினால் 'டிக்' என்று ஏறிக்கொள்ளும், பூட்டு விடுபடும். அச்சின் முனையில் காடி வெட்டிவைத்ததால்தான் அது முடிகிறது.

லைக்காவைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. சொந்தமாக வைத்திருந்தது கிடையாது. 1954இல் வந்த எம்3 ஒன்று அண்ணாச்சி மேசைக்கு வந்தபோது தொட்டுப் பார்த்திருக்கிறேன். மேல்தகடு பித்தளை. 1984இல் எம்6 வந்தபோது மேல்தகட்டைத் துத்தநாக வார்ப்பாக மாற்றினார்கள். வருடங்கள் போகப்போக சிலவற்றில் மேல்பூச்சுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புவது லைக்காக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. 2022இல் எம்6ஐ மறுபடி கொண்டுவந்தபோது பித்தளைக்கே திரும்பினார்கள்.

சரி, தூக்குவாளிக்கு வருகிறேன்.

அண்ணாச்சி கேமராவைத் தண்ணீரிலிருந்து எடுத்து, அடித்தகட்டைக் கழற்றி, வேறு டிஸ்டில்ட் வாட்டரில் மூன்று தடவை அலசினார். மூன்றாவது தடவைதான் தண்ணீர் தெளிந்தது. பிறகு ஆல்கஹாலில் அலசினார். தண்ணீரைத் துரத்த அதுதான் வழி என்றார். தோலுறையை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். அதற்கடியில் ஒளிந்திருந்தன திருகாணிகள். சிலவற்றின் தலையில் அரக்கு மாதிரி ஒரு பூச்சு, அதிர்ச்சியில் கழன்றுவிடாமல் இருக்க. குச்சி நுனியில் அசிட்டோன் தொட்டு அதை இளக்கினார். ஜப்பான் கேமராவின் திருகாணித் தலை நாம் இங்கே கடையில் வாங்கும் பிலிப்ஸ் முனைக்குச் சரியாக உட்காராது. வழுக்கித் தலையை அரைத்துவிடும். அண்ணாச்சி தன் ஸ்க்ரூடிரைவர்களின் முனையை அவரே எண்ணெய்க்கல்லில் தேய்த்து வைத்திருக்கிறார். யாருக்கும் இரவல் தரமாட்டார்.

லென்ஸுக்குப் பின்னால் முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்றைத் தாங்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டி வெளியே வந்தது. அதன் பின்னால் ஷட்டர் முழுவதும் ஒரே கட்டாக வந்தது. உள்ளங்கை அளவுதான். அதைத் தட்டில் வைத்து வெள்ளைப் பெட்ரோலில் அலசினார். ஓரத்துப் பல்சக்கரங்களின் பல்லிடுக்கில் இருந்து தாமிரபரணி வண்டல் காப்பித்தூள் மாதிரி இறங்கியது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்சக்கரங்களின் ஊசிமுனைக்கு மட்டும் துளியிலும் துளியாக எண்ணெய் வைத்தார். தேன்கூட்டு இலைகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. "எலையில எண்ணெ பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். அது காய்ஞ்சமேனிக்குத்தான் ஓடணும்."

அன்றைக்கு வேறொன்றும் கேட்டேன். ஒரு கேமராவைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று. எந்த ஊர்க் கேமரா என்று பார்ப்பேன் என்றார். எனக்குப் புரியவில்லை. அலமாரியில் இருந்து இரண்டு மூன்றை எடுத்து வைத்துக் காட்டினார். திருச்செந்தூர், உவரிப் பக்கத்துக் கேமரா என்றால் செல் வைக்கும் குழியில் பச்சைக் களிம்பும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் இருக்கும், உப்புக்காற்று. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் என்றால் லென்ஸின் மறையில் தேரிச் செம்மண். திருப்பும்போது நறநறவென்று கேட்கும். தென்காசி, குற்றாலத்துக் கேமராவில் ஒன்றும் தேய்ந்திருக்காது, ஆனால் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பங்கஸ், சாரல் காலத்தில் தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைப்பதால். அப்படி வைக்கிறவர்கள் இதை வாசித்தால் இன்றைக்கே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய ஜப்பான் கேமராக்களில் வெளிச்சம் புகாமல் பின்கதவைச் சுற்றி ஸ்பஞ்சு வைத்திருப்பார்கள். கண்ணாடி மேலே போய் மோதும் இடத்திலும் ஸ்பஞ்சு. பத்துப் பதினைந்து வருடத்தில் அது பலாப்பால் மாதிரி பிசுபிசுத்துக் கறுப்பாக உருகிவிடும். ஒலிம்பஸ் ஓஎம்-1இல் வ்யூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிக்கட்டியான பிரிசத்துக்கு மேலே இருக்கும் ஸ்பஞ்சு உருகி, பிரிசத்தின் வெள்ளிப்பூச்சையே அரித்துவிடும். மலிவுக் கேமராவா, லட்ச ரூபாய்க் கேமராவா என்று ஸ்பஞ்சு பார்ப்பதில்லை. கேமராவில் வெளிச்சம் ஒழுகுகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒன்றுதான் வியாதி. அண்ணாச்சி கறுப்பு உல்லன் நூலைக் காடிக்குள் வைத்து அழுத்திவிடுவார். நூல் உருகாது. எனக்கு அவர் செய்த வேலைகளிலேயே மிகவும் பிடித்தது அந்த நூல்தான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் குறுக்குத்துறைக்குப் போனேன். ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயில். வெள்ளம் வரும் திசையில் சுவரைப் படகின் முனை மாதிரி கூர்ப்பாகக் கட்டியிருக்கிறார்கள். பெருவெள்ளம் என்றால் உற்சவரையும் முக்கியமான பொருட்களையும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மற்றதைத் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வரும், நிற்கும், போகும். வண்டலை அள்ளிப்போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. நான் போனபோது தூணில் சேற்றுக்கோடு இன்னும் இருந்தது. என் கேமராவைப் பற்றி அங்கே நின்றுதான் எனக்கு விளங்கியது. எஃப்எம்2 தண்ணீரைத் தடுக்கவே இல்லை. தடுக்கும்படி அதைச் செய்யவும் இல்லை. உள்ளே வந்ததைக் கழுவி எடுக்க இடம் விட்டுச் செய்திருந்தார்கள். ஷட்டரை ஒரே கட்டாகக் கழற்ற முடிகிறது, பசை போட்டு ஒட்டாமல் திருகாணி போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு திருகாணிக்கும் ஸ்க்ரூடிரைவர் போய்வர வழி இருக்கிறது. தன்னைவிடத் திறமையான ஒருவன் பிறகு இதைத் திறப்பான் என்று மதித்துச் செய்த பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தரம் என்றால் அதைத்தான் சொல்லுவேன்.

மார்ச் மாதம் கேமரா கைக்கு வந்தது. மீட்டர் போய்விட்டது, சிவப்பு விளக்கு எரியாது. வ்யூஃபைண்டரில் மூலையில் ஒரு கறை. அண்ணாச்சி ஒரு நொடிக்கு வைத்து அழுத்தி என் காதுப்பக்கம் பிடித்தார். கிர்ர்ர் என்று ஓடி டக்கென்று முடிந்தது. கடைசியில் அந்தச் சத்தம் இழுத்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இழுக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சோதனை ரோல் போட்டேன். 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம். மீட்டர் இல்லாததால் வெயிலைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். திருநெல்வேலி ஏப்ரல் மத்தியான வெயில் அளப்பதற்குச் சுலபமானது. லென்ஸின் துளை எஃப்16, வேகம் 1/500. ஆற்றங்கரையில் நின்று, 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவு ஒன்றையே திரும்பத் திரும்ப எடுத்தேன். எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும், வேகத்தையும் அதற்கேற்பக் கூட்டினால் ஃபிலிமில் விழும் வெளிச்சம் மாறாது: எஃப்22க்கு 1/250, எஃப்11க்கு 1/1000, எஃப்8க்கு 1/2000, எஃப்5.6க்கு 1/4000. ஷட்டர் சரியாக ஓடினால் எல்லா நெகட்டிவும் ஒரே கறுப்பில் வர வேண்டும். 1/4000இல் ஷட்டரில் திறக்கிற இடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு முன்பின்தான் இருக்கும். இலை கொஞ்சம் திக்கினாலும் படத்தின் ஒரு பாதி இருண்டு காட்டிக்கொடுத்துவிடும். மீதியில் அக்காவையும் அம்மாவையும் எடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டிலேயே ஃபிலிமைக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் 32 டிகிரி. ஃபிலிம் கழுவும் மருந்தான டி-76ஐ 20க்குக் கொண்டுவர அக்கா வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்தும் ஐஸ்கட்டி வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் நெகட்டிவை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். பாலம் எல்லாப் படத்திலும் ஒரே கறுப்பில் வந்திருக்கிறது, அதை அவர் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணாச்சி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாலத்தைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒரு படத்தின் ஓரத்திலிருந்து அடுத்த படத்தின் ஓரம் வரைக்கும் வைத்துப் பார்த்தார். ஃபிலிம் ஓரத்தில் ஒரு படத்துக்கு எட்டு ஓட்டை, 38 மில்லிமீட்டர். படம் 36, இடைவெளி 2. லீவர் இழுக்கும்போது சக்கரம் ஒரு பல் வழுக்கினாலும் அந்த இரண்டு மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முதல் படத்திலிருந்து 36ஆவது படம் வரை ஒவ்வொரு இடைவெளியாகப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எடவெளி ஒண்ணுபோல இருக்கு" என்று சொல்லி, நெகட்டிவைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு, மேசையில் திறந்து கிடந்த வேறொரு கேமராவுக்குத் திரும்பினார்.